அத்தாவைத் தாண்டிப் போன ஞாயிறு

தூரத்தில் இருப்பது எனக்குச் சரியாகத் தெரியாது என்பது பதினொரு வயது வரை எனக்கே தெரியாது. கிட்டே வந்தால் முகம், எட்டப் போனால் வெறும் நிறம். எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் இருந்தவரை அதனால் எனக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. எங்கள் தெருவே அகலம் குறைந்த தெரு. யாராக இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் வாத்தியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுதினோம். நன்றாகப் படிக்கிற பையன் என்றுகூட எனக்குப் பெயர் இருந்தது.

அத்தா பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர், அதற்குப் பிறகு ஊர் பக்கம் வரவில்லை. அங்கே அவருடைய முதலாளியின் பிள்ளைகள் போர்டிங் ஸ்கூலில் தங்கி இங்கிலீஷில் படித்தார்களாம். தன் மகனும் அப்படிப் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அறுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், அம்மாவின் தம்பியான என் மாமா என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் ரயிலேற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனார். மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். விடுதியும் அதற்குள்ளேயே இருந்தது.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. “சோத்துக்கு வழியில்லாத வூடா இது? பெத்த புள்ளைய எதுக்கு அடுத்தவங்க கையில குடுக்கணும்?” என்று மாமாவிடம் சண்டை போட்டாள்.

“மச்சான் ஆசப்படுறாரு, அக்கா. ஒரு வருஷம் பாப்போம். புடிக்கலன்னா நானே போயி கூட்டிகிட்டு வந்துடுறேன்,” என்றார் மாமா.

அம்மா முறுக்கு டின்னையும் கோடாலித் தைலத்தையும் பெட்டிக்குள் வைத்து, மூடியை வேண்டுமென்றே ஓங்கி அடித்து மூடினாள்.

விடுதியைப் பற்றிப் பயங்கரமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மணி அடித்தால் எழுந்தோம், மணி அடித்தால் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் எங்களைப் போன்ற முஸ்லிம் பையன்களை வாட்ச்மேன் ஜும்மாவுக்குக் கூட்டிப்போய் வெளியே காத்திருப்பார். சாம்பாரில் தண்ணீர் ஜாஸ்தி, அவ்வளவுதான். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மகன் படுத்திருந்தான். வகுப்பிலும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். முதல் வாரமே நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். அவன் இல்லாவிட்டால் அந்த வருஷத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

ஏனென்றால் அங்கே எல்லாமே தூரத்தில் இருந்தது. வகுப்பறை நீளமானது, கரும்பலகை ஒரு கோடியில், என் பெஞ்சு இன்னொரு கோடியில். கணக்கு சார் எழுதி முடித்துத் திரும்பும்போது பலகையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் புகை. மற்றவர்கள் அந்தப் புகையை எப்படியோ படித்தார்கள். நான் பக்கத்தில் இருந்தவனின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அவனும் கையை நகர்த்திக் காட்டுவான். கணக்கு சார் அதைப் பார்த்துவிட்டார்.

“போர்டுல எழுதிப் போட்டத கூட அவனப் பாத்துத்தான் எழுதுவியா? அவ்வளவு சோம்பேறித்தனமா?” என்று உள்ளங்கையில் பிரம்பால் அடித்தார்.

சோம்பேறித்தனம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். பையன்கள் கடலைக் காட்டி, “அதோ பாருடா கட்டுமரம், அதோ பாய்மரம்,” என்று கத்துவார்கள். நானும் “ஆமாண்டா” என்பேன். எனக்கு அங்கே ஒரு பெரிய சாம்பல் வெளிச்சம்தான் தெரியும். இல்லாததை இருப்பதாகச் சொல்லி விளையாடுவது இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்து நானும் ஒருநாள், “அதோ பாரு, ரெண்டு கட்டுமரம்,” என்று கை நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று புரியவில்லை.

மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கையசைத்தால் நான் பதிலுக்கு அசைக்க மாட்டேன். சிரித்தால் சிரிக்க மாட்டேன். அதனால் எனக்குத் ‘துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். துரை யாரையும் மதிக்க மாட்டார் என்பது விடுதி முழுக்கப் பேச்சு.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். பள்ளியின் முன் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும். வந்தவர்கள் அதன் நிழலில் ஜமுக்காளம் விரித்து உட்காருவார்கள். எனக்கு மாமா வருவார். வாசலுக்குள் நுழையும்போதே, “எங்கடா என் மருமவன்?” என்று அவர் போடுகிற சத்தத்தில் மரத்திலிருக்கும் காக்காய்கள் பறந்துவிடும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நான் நேராக அவரிடம் ஓடிவிடுவேன். கண்ணால் அல்ல, காதால்தான் அவரைக் கண்டுபிடிக்கிறேன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தை மாதம் அத்தா ஊருக்கு வந்தார். வந்து இறங்கியதும், “புள்ளைக்குச் சொல்லாதீங்க. நான் போயி நிக்கறப்ப அவன் மூஞ்சி எப்படி ஆவுதுன்னு பாக்கணும்,” என்று சொல்லியிருக்கிறார். பெற்றோர் வருகிற அடுத்த ஞாயிறன்று, பினாங்கில் தைத்த பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின்னைக் கையில் பிடித்தபடி மாமாவோடு வந்துவிட்டார். பழம் வாங்க மாமா கடைத்தெருவிலேயே நின்றுவிட, அத்தா மட்டும் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து முதல் மரத்தடியில் நின்றிருக்கிறார்.

“உனக்கு ஆளு வந்திருக்கு, போ,” என்று வார்டன் சார் என்னை அனுப்பினார்.

நான் வெளியே வந்தேன். மாமாவின் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். சத்தமில்லை. மரத்தடியில் நிறங்கள் இருந்தன. மாமா எப்போதும் வெள்ளை வேட்டிதான் கட்டுவார். அதனால் வெள்ளையைத் தேடினேன். முதல் மரத்தடியில் பேண்ட் போட்ட யாரோ ஒருவர் நின்றார். அவர் ஒரு அடி முன்னால் வந்த மாதிரி இருந்தது. யாருக்கோ வந்தவர் என்று பத்தடி தள்ளியே அவரைத் தாண்டி நடந்தேன். அடுத்த மரத்தடியில் வெள்ளை வேட்டி தெரிந்தது. போய்ப் பார்த்தால் என் சிநேகிதனின் அப்பா. “வாடா தம்பி, வேர்க்கல்ல சாப்புடு,” என்று கை நிறையக் கொடுத்தார். நானும் அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்ன ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் சத்தம் கேட்டது. ஆனால் அது வழக்கமான சத்தம் இல்லை.

“டேய் மருமவனே! இங்க வாடா! யாரு வந்திருக்காங்கன்னு தெரியலயா ஒனக்கு?”

ஓடினேன். கிட்டே போன பிறகுதான் அந்தப் பேண்ட்டுக்கு மேலே அத்தாவின் முகம் இருந்தது. தாடையில் அந்த மச்சம், அந்தப் புருவம். “அத்தா!” என்று இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் தலையில் அவர் கை வைத்தார். அந்தக் கையில் பலமே இல்லை.

“பரவால்ல,” என்றார் மாமாவிடம். “எத்தன வருஷமாச்சு. சின்னப் புள்ள. மறந்துதான் போயிருக்கும்.”

“மறக்கல அத்தா. நான் ஒங்களப் பாக்கல.”

“பாத்தியேப்பா. என் மூஞ்சிய நேராப் பாத்துட்டுத்தான் போன. நான் கைய நீட்டுனேன்.”

நேராகத்தான் பார்த்தேன், அது உண்மை. அத்தா பிஸ்கட் டின்னைத் திறந்து ஊட்டுவது போல ஒவ்வொன்றாகக் கொடுத்தார். படிப்பைப் பற்றிக் கேட்டார். ஊர் கதை பேசினார். எல்லாமே ஒரு விருந்தாளி, வந்த வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. கிளம்பும்போது மாமா, “அடுத்த மாசம் ஒங்கம்மாவும் வராங்க,” என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னாள். அத்தா சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டாராம். “யாருக்காகக் கடல் தாண்டிப் போனேனோ அவன் என்னத் தாண்டிப் போயிட்டான்,” என்றாராம். அம்மாவும் விடவில்லை. “நான் அப்பவே சொன்னேன். புள்ளைய வூட்டுல வச்சிருந்தா தெனமும் ஒங்களப் பத்திச் சொல்லிச் சொல்லி வளத்திருப்பேன். ஆஸ்டல்ல யாரு சொல்லுவா?” என்று அழுதிருக்கிறாள். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அடுத்த மாதம் போய்ப் பையனைப் பெட்டியோடு கூட்டி வந்துவிடுவது.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் அந்த மாதம் முழுவதும் பயத்தில் இருந்தேன். பிரம்படி பயம் இல்லை. எனக்கு மூளையில் ஏதோ கோளாறு வந்துவிட்டது, அதனால்தான் தெரிந்தவர்கள்கூடத் தெரியாமல் போகிறார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன் பெண்டாட்டியையே யாரென்று கேட்பார். நாங்கள் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிப்போம். அந்த வியாதி எனக்கும் வந்துவிட்டதா? யாரிடம் கேட்பது? சிநேகிதனிடம் மட்டும் சொன்னேன்.

அவன் எழுந்து உட்கார்ந்து, “என் பேரு என்ன, சொல்லு?” என்றான். சொன்னேன். “எங்க ஊரு?” சொன்னேன். “அப்ப ஒனக்கு ஒண்ணுமில்லடா மச்சான்,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன்: இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. அம்மா வெளியே வந்தால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டுதான் வருவாள். வெள்ளைத் துப்பட்டி கண்ணில் பட்டதும் ஒரு நொடி நிற்கக் கூடாது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு வந்தது. கூப்பிட்டதும் ஓடி வந்தேன். மரத்தடியில் வெள்ளைத் துப்பட்டி ஒன்று பளிச்சென்று இருந்தது. “அம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அந்தத் தோளைக் கட்டிக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மாவின் வாசனை இல்லை. வேறு ஏதோ அத்தர் வாசனை.

“யா அல்லா! யாருப்பா நீ?” என்றது ஒரு குரல்.

அது பரங்கிப்பேட்டையிலிருந்து தன் மகனைப் பார்க்க வந்த அம்மா. நான் துள்ளி எழுந்தேன். பயந்தபடியே ஆகிவிட்டது, என் அம்மாவையே எனக்குத் தெரியவில்லை!

என் அம்மா அதற்கு அடுத்த மரத்தடியில்தான் இருந்திருக்கிறாள். நான் அவளைத் தாண்டி ஓடவில்லை. அவளிடம் வருவதற்குள் வேறு அம்மா கிடைத்துவிட்டாள், அவ்வளவுதான். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அத்தா கிணற்றடியில் தனியாக நின்றிருந்தார். போன தடவை பட்ட அடி போதும் என்று, “நீ போயி முதல்ல பேசு, நான் அப்பறமா வரேன்,” என்று ஒதுங்கி நின்றவர், நடந்த அத்தனையையும் பார்த்துவிட்டார்.

“இவனுக்கு என்னங்க ஆச்சு?” என்றாள் அம்மா. “அரப்பரீட்ச லீவுக்குத்தான வூட்டுல வந்து இருந்துட்டுப் போனான்? அதுக்குள்ள என்னையுமா மறப்பான்?”

அத்தா வேகமாக என்னிடம் வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“இப்ப என்னத் தெரியுதா?”

“தெரியுது அத்தா.”

அப்படியே பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று, “இப்ப?” என்றார்.

“சட்ட தெரியுது.”

“மூஞ்சி?”

“மூஞ்சி எப்படித் தெரியும் அத்தா, அவ்வளோ தூரத்துல?”

இன்னும் கொஞ்சம் பின்னால் போய்க் கையைத் தூக்கினார். “எத்தன விரலு?”

விரலா? எனக்குக் கையே தெரியவில்லை. அதையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அத்தா அங்கிருந்து ஒரு சத்தம் போட்டார். மாமாவே தோற்றுப்போகும் சத்தம். “இவனுக்குக் கண்ணு தெரியல! இவனுக்குக் கண்ணுதான் தெரியல!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். ஆறாவது படிக்கிற பையனை, அத்தனை பேர் பார்க்க. சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. “என் புள்ள என்ன மறக்கல! அல்ஹம்துலில்லாஹ்! அவனுக்குக் கண்ணு தெரியல!”

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“புள்ளைக்குக் கண்ணு தெரியலங்கறீங்க, இப்படிச் சிரிக்கிறீங்களே! ஒங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்று அம்மா அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தர் வாசனை அம்மா தன் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, “நல்ல நாள்லதான் புள்ள என்னக் கட்டிப் புடிச்சான்,” என்று என் தாடையைத் தடவிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. மூளையில் கோளாறு இல்லை. மறதி வியாதி இல்லை. மற்றவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே முகம் தெரியுமாம்! கடலில் கட்டுமரம் உண்மையாகவே இருந்ததாம்! அத்தாவின் தோளில் இருந்தபடியே மூச்சை முழுதாக இழுத்து விட்டேன். ஒரு மாதமாக அப்படி மூச்சு விட்ட ஞாபகம் இல்லை.

பெட்டியோடு கூட்டிப்போக வந்தவர்கள், பெட்டியைக் கேட்கவே மறந்து தலைமை ஆசிரியரிடம் போனார்கள். அவரும் அத்தாவும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வரும்போது தலைமை ஆசிரியர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, “ஏன்டா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றார். கோபமில்லை. எதைச் சொல்வது என்று எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்ல?

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் காட்டினார்கள். மூக்கில் கனமான ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். “இப்ப? இப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சில்லு சட்டத்தில் விழுந்ததும் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் சட்டென்று நிமிர்ந்து நின்றன. நான் அவற்றைப் படிக்கவில்லை. தலையைத் திருப்பி, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தாவைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போடப்பட்டிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போர்டப் பாருப்பா. ஒங்க அப்பாவ அப்பறம் பாக்கலாம்,” என்றார் டாக்டர்.

கண்ணாடி தயாராகும் வரை வீட்டில் இருந்தேன். கண்ணாடி வந்த அன்று அத்தா என்னைச் சிதம்பரம் தெருக்களில் சும்மாவே நடத்திக் கூட்டிப்போனார். கீழ வீதியில் நின்று கோபுரத்தைப் பார்த்தேன். அது முழுக்கப் பொம்மைகள்! பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தவன், அன்றுதான் அவற்றை ரோட்டிலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு கடைப் பலகையையும் எதிர்ச் சாரியிலிருந்தே உரக்கப் படித்தேன். அத்தா எதற்கும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் “ம், அப்பறம்?” என்றார்.

அன்று சாப்பிடும்போது, “என்ன, வூட்டோட இருந்துடுறியா? இங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம்,” என்றாள் அம்மா. கேள்வி என்னிடம்தான், ஆனால் பார்வை அத்தாவிடம்.

அத்தா, “அவனே சொல்லட்டும்,” என்றார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். இப்போது மஞ்சக்குப்பத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. அந்த மைதானம் எவ்வளவு பெரியது, என்னைத் துரை என்றவர்கள் யார் யார், சேத்தியாத்தோப்புக்காரன் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருப்பான். “போறேம்மா,” என்றேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “போ, போ. இப்பத்தான் கண்ணு தெரியுதே, எங்க வேணாலும் போ,” என்றாள். அவள் குரலில் பழைய சண்டை இல்லை.

அத்தாதான் கொண்டுவந்து விட்டார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளாற்றுப் பாலத்திலிருந்து கடலூர் ஓ.டி. ஸ்டேஷன் வரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், அவர் வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் வந்த பிறகுதான் எழுப்பினேன்.

வகுப்புக்குள் நுழைந்ததும், “துரைக்குக் கண்ணாடியும் வந்துடுச்சுடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். யார் என்று அங்கிருந்தே பார்த்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கணக்கு சார் என்னை முதல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அடித்ததைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் பலகையில் எழுதும்போது வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினார். ஒவ்வொரு எண்ணும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. யாருடைய நோட்டையும் பார்க்காமல் நானே அந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தப்பு,” என்றார். “இங்க ஏழு வரணும்.”

எங்கே தப்புச் செய்தேன் என்று அவரே பென்சிலால் காட்டினார். உட்கார்ந்து மறுபடி போட ஆரம்பித்தேன். வெளியே மைதானத்தில் யாரோ பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்பிக் கணக்கைப் பார்த்தேன்.